தோட்டக்குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் நம் தாமான் (குடியிருப்பு) தோட்டக்குழுவின் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கால்வாய் ஓரச் சரிவில் போட்ட புல்வெளித் தோட்டத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளியைப் பார்த்து வந்த எண்ணம் அது. சிகாகோவில் 2004இல் திறந்த லூரி தோட்டத்துக்கு டச்சுக்காரர் பீட் ஊடோல்ஃப் செடிகளைத் தேர்ந்து அமைத்தார். அது கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் இருக்கிறது! புல்லைப் பரவ விட்டு, இடையிடையே பூச்செடிகளை நட்டு, காய்ந்த பூத்தலைகளையும் வெட்டாமல் விடுவதுதான் அந்த முறை.

முதலில் பிரேரியின் பூச்செடிகளான எக்கினேசியா, ருட்பெக்கியா நாற்றுகளையே வாங்கி நட்டோம். நவம்பர் மழையில் எல்லாம் அடி அழுகிப்போயின. குளிர்காலத்தில் உறங்கி எழும் செடிகள் அவை. ஆண்டு முழுக்க வெக்கையும் ஈரமுமான நம் களிமண்ணில் எப்படி நிற்கும்? சரி, செடியை விட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம்.

புல்லுக்கு வெட்டிவேர். பிரேரிப் புற்களைப் போலவே இதன் வேரும் 3 மீட்டர் வரை இறங்கும். சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்தும். லாலாங் என்னும் களைப்புல்லைப் போலக் கண்டபடி பரவாது. பூவுக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். நம் பாட்டிமார் வாசலில் வளர்த்தவை, காய்ந்த பிறகும் நிமிர்ந்து நிற்பவை. பாத்தி கட்டாமல் மூன்றும் ஐந்துமாக, சரிவு நெடுகத் திரும்பத் திரும்ப வரும்படி நட்டோம். எரு போடவில்லை, போட்டால் தழைத்துச் சாய்ந்துவிடும். இப்போது காலையில் சில்லைக் குருவிகள் கூட்டமாக விதை கொத்த வருகின்றன. அதைப் பார்க்கவே நான் வேலைக்குக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புகிறேன்.

மே மாதம் புல்வெட்ட வந்த ஒருவர், களை என்று நினைத்துக் கீழ்ப்பாதியை மழித்துவிட்டார். மூன்று மாத உழைப்பு போனதில் மனம் மிகவும் நொந்தது. அப்புறம் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, நேராகக் கரை எடுத்தோம். மலாயிலும் தமிழிலும் பலகை வைத்தோம். கரை சீராக இருந்தால் உள்ளே வளர்வது வேண்டுமென்றே வளர்த்தது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது.

செடி அடர்ந்தால் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும் என்று சில அக்காமார் அஞ்சினார்கள். அது முட்டையிடுவது தேங்கிய நீரில். தொட்டித் தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டோம். வாரந்தோறும் சுற்றிப் பார்க்கிறோம்.

மேல்பாதி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. பிரித்து நட வெட்டிவேர்த் தூர்கள் தயார். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, மண்வெட்டி உள்ளவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

செயலாளர்