டயர் வாங்குவதற்கு முன் இதைப் படி

அன்புள்ள மூர்த்தி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். செல்விக்குக் கால் சரியாகிவிட்டது. பாஸ்கர் கதை பழைய கதைதான், நேரில் சொல்கிறேன்.

இப்போது அவசரமாக எழுதுவது நீ போன கடிதத்தில் எழுதிய ஒரு வரிக்காக. "ஃபோர் வீல் டிரைவ்தானே, வின்டர் டயர் எதற்கு? வேண்டுமானால் பின்னால் மட்டும் இரண்டு மாட்டிக்கொள்கிறேன்." போன வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பனி உறைந்த சாலை. ஏற்றத்தில் வண்டி ஜம்மென்று ஏறியது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அடித்ததே தவிர, வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. கீழே ஓர் அம்மா பையன் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறாள். எப்படியோ ஓரத்துப் பனிக்குவியலில் விட்டு நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்பத்தான் உதவும், மூர்த்தி. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்துவதும் திருப்புவதும் டயரின் பிடி. நம் வண்டிகள் கனம் வேறு. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும். வின்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும், பட்டன்களில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளில், இருக்கும் மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும்.

உனக்குப் பிடித்த அந்தப் பெரிய பட்டன் மண் டயர் வேண்டாம். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், சேற்றில் ராஜாதான். ஆனால் அதில் கீறல்கள் குறைவு. உறைந்த சாலையில் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் "எம்+எஸ்" (சேறு, பனி) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, அதைச் சோதனை இல்லாமலே போடலாம். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ: இந்த முத்திரை பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான். டயர் செய்த தேதியையும் பார். 4323 என்றால் 2023-ம் வருடம் 43-வது வாரம் செய்தது. கதவோர ஸ்டிக்கரில் இரண்டு அளவு இருந்தால் குறுகலானதை எடு, பனியை அறுத்துக்கொண்டு போகும். எடை தாங்கும் எண் மட்டும் அதில் இருப்பதற்குக் குறையக் கூடாது.

அப்புறம், இரண்டு மட்டும் மாட்டும் யோசனையை விட்டுவிடு. பின்னால் மட்டும் மாட்டினால் வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேராகப் போகும். முன்னால் மட்டும் என்றால் பின்பக்கம் வீசி அடிக்கும். உன் வண்டியில் எஞ்சினின் இழுவை எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. ஒரு ஜோடி புதுசு, ஒரு ஜோடி தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறும், முன், பின் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். நான்கும் ஒரே மாதிரி வாங்கு. பட்டன் உயரம் தேய்ந்து 4 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடு, மொட்டையாகும்வரை ஓட்டாதே. குளிர் கூடினால் காற்றும் இறங்கும், மாதம் ஒருமுறையாவது பார்.

நான் நேற்றே நான்கும் மாற்றிவிட்டேன். அதே இறக்கம், அதே வேகம், மிதித்ததும் கொஞ்ச தூரத்திலேயே நின்றது.

நீ மாட்டியதும் முதலில் ஆள் இல்லாத இடத்தில் பிரேக் போட்டுப் பழகு. பிள்ளைகளை அப்புறம் ஏற்றிக்கொள். எந்த டயர் என்று முடிவு செய்ததும் உடனே எழுது, என்னைப் போல இரண்டு கடிதம் தாண்ட விடாதே.

அன்புடன்,
ரவி