சங்கத்தின் 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொங்கல் கோலப் போட்டியும் நடந்தது. மற்றபடி இந்த ஆண்டை முழுதாக விழுங்கியது நம் சங்கம் குடியிருக்கும் கிருஷ்ணகிரி பழையபேட்டை வீடுதான்.

முற்றத்துக்கு டைல்ஸ் போடலாம் என்று ஒரு தரப்பு. வீட்டைக் 'கட்டிய காலத்தில் இருந்தபடியே' ஆக்கிப் பூட்டிவைத்துப் பார்வைக்கு விடலாம் என்று இன்னொரு தரப்பு. கட்டிய காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கைமாறிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சுவரை எடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் எழுப்பியிருக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்தவரை முதலில் இது குடும்பம் வாழ்ந்த வீடு. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய அகல ரயில் பாதை வந்த பிறகு முன்கட்டு புளி மண்டியானது. குடும்பம் பின்கட்டுக்கு நகர்ந்தது. திண்ணையின் ஒரு பக்கத்தை இடித்து மூட்டை இறக்க வழி செய்தார்கள். இன்று சைக்கிள் நிறுத்துகிறோமே, அந்த இடம்தான். 1936இல் ரயில் நின்றது. மாவட்டத் தலைநகராகி இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊருக்கு ரயில் இல்லை என்ற பழைய புலம்பலை இங்கே நீட்டவில்லை. மண்டி மாட்டு வண்டியிலும் பிறகு லாரியிலும் தள்ளாடி நடந்து, வியாபாரம் நெடுஞ்சாலைப் பக்கம் போனதும் மூடப்பட்டது. கொஞ்ச காலம் டியூஷன் நடந்தது. 2004இல் தர்மபுரியிலிருந்து மாவட்டம் பிரிந்தபோது ஊரில் அலுவலகங்களுக்கு இடம் கிடைக்காத நெருக்கடி. ஓர் அலுவலகம் இங்கே வாடகைக்கு வந்து, கூடத்தைப் பிளைவுட்டால் நான்காகத் தடுத்து, சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டும் பூசிவிட்டுப் போனது.

அந்தச் சிமெண்டால்தான் இந்த ஆண்டுச் செலவு. சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்புப் பூத்து, அடிச்சுவர் கையோடு உதிர்ந்தது. சிமெண்டைக் கொத்தியெடுத்து, புளிக்கவைத்த சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினோம். வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க ஆன நாட்களில் பாதிகூடப் பூச்சுக்கு ஆகவில்லை.

முற்றத்து விவகாரம் வேறு விதமாகத் தீர்ந்தது. அங்குள்ள கருங்கல் பலகைகளில் உள்ளங்கை அளவில் வரிசையாகக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்பது டைல்ஸ் தரப்பின் வாதம். ஆடிக் கூட்டத்துக்கு வந்திருந்த நம் மூத்த உறுப்பினர் பாட்டி, அவை புளி தட்டிய குழிகள் என்றார். அவருடைய அம்மா அங்கே கூலிக்குப் புளி தட்டியவர். கொட்டை நீக்கிய புளியின் எடைக்குத்தான் கூலியாம். கொட்டையும் வீணாகாது; நூலுக்குக் கஞ்சி போடும் மாவுக்கு விலை போகும் என்பதால் முதலாளி அதைத் தனியாக எண்ணி வாங்கிக்கொள்வாராம். கூட்டம் முடிவதற்குள் டைல்ஸ் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். கொசுவுக்காகக் கல்லின் ஓரத்தில் சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கிறோம்.

பூட்டிவைக்கும் யோசனையையும் செயற்குழு ஏற்கவில்லை. என் சொந்தக் கருத்தும் அதுவே. ஆள் புழங்காத வீட்டில் முதலில் குடியேறுவது கரையான். கூடத்தில் மாலை வாசகசாலையும் ஞாயிறு தையல் வகுப்பும் தொடரும். முன்கட்டை மாங்காய்ப் பருவத்தில் மட்டும் சிறு விவசாயிகள் தரம் பிரிக்கக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை. மூட்டை வழி ஏற்கெனவே இருக்கிறது. இதை இன்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கார அம்மா குத்தகையை நீட்டித் தந்திருக்கிறார், அவருக்கு நன்றி. ஐப்பசி மழைக்குள் பின்கட்டுக் கூரையை மாற்றியாக வேண்டும். பழைய நாட்டு ஓடு இருக்கும் உறுப்பினர்கள் தயவுசெய்து இந்த மாதக் கடைசிக்குள் சொல்லி அனுப்புங்கள். உடைந்தவை வேண்டாம்; சென்ற முறை வண்டி வாடகைதான் தண்டம்.

இப்படிக்கு,
செயலாளர்