டேப் ஒட்டித்தான் போட வேண்டும்

அம்மாடி,

போன வாரம் வீடியோவில் பேசும்போது கத்தரிக்கோல் எடுக்க அடுப்படி டிராயரைத் திறந்தாய் பார், அப்போதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு கரண்டி, ஒரு லைட்டர், அவ்வளவுதான். நாங்கள் அங்கே வந்திருந்தபோது அது பாதிதான் திறக்கும், மாப்பிள்ளையின் ஸ்க்ரூடிரைவர் பிடி மேலே முட்டிக்கொள்ளும், அவர் ஸ்கேலை உள்ளே விட்டு நெம்பிவிட்டு "இதுக்குள்ள எல்லாம் இருக்கு மாமா, தேடுறது மட்டும்தான் கிடைக்காது" என்பார்.

சுத்தமாக வைப்பது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எதை எறிந்தாய், எதை வைத்தாய்? இங்கே உன் அம்மா ஒரு ஆணியைக்கூடத் தொடவிட மாட்டாள். இறுகிப்போன குக்கர் கேஸ்கெட், எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகள், எப்போதோ செத்துப்போன மிக்ஸியின் வாரண்டி கார்டு, எல்லாம் அப்படியே இருக்கிறது. நேற்று ஒரு ரப்பர் பேண்டை இழுத்தேன், நீளவே இல்லை, பட்டென்று அறுந்து, ஒரு பாதி டப்பா மூடியிலேயே ஒட்டிக்கொண்டது. பில்லெல்லாம் வெறும் வெள்ளைத்தாள். அது மையால் அச்சடிப்பதில்லை, சூட்டில் எழுத்து விழுகிற தாள், நாளானால் வெளிறிவிடும். முக்கியமான பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

பாட்டரிகளை என்ன செய்தாய், அதைச் சொல். சதுரமாக இருக்குமே 9 வோல்ட், அதற்கு இரண்டு முனையும் ஒரே பக்கம். ஒரு சாவியோ பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரோ இரண்டிலும் பட்டால் போதும், சூடேறித் தீயே பிடிக்கும். முனையில் டேப் ஒட்டித்தான் போட வேண்டும், அதுவும் பழைய பாட்டரி வாங்குகிற இடத்தில். பட்டன் பாட்டரி இன்னும் மோசம், குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உன் வீட்டில் குழந்தை இல்லையே என்று குத்திக்காட்டவில்லை, வருகிறவர்கள் வீட்டுக் குழந்தை திறக்கும் இல்லையா. டேப் ஒட்டு.

ஆபீஸில் உனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்களாம். இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியாச்சு, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதை உன் அண்ணன் சொல்லித்தானே தெரிந்துகொண்டோம்? முன்பெல்லாம் இந்த மாதிரி சேதியை உனக்கு முன்னால் மாப்பிள்ளையே பின்னாலிருந்து கத்திச் சொல்லிவிடுவார். இப்போது அவர் குரலே கேட்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

அம்மா எதையும் கேட்காதீங்க என்கிறாள். நான் எங்கே கேட்டேன், டிராயரைப் பற்றித்தானே எழுதுகிறேன். அந்த ஸ்க்ரூடிரைவர் செட் நல்ல செட், ஆசையாக வாங்கினார், அதை மட்டும் எறிந்திருக்க மாட்டாய்.

அப்புறம் ஒரு விஷயம். அவர் எனக்குக் கொடுத்த டார்ச்சில் பாட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது, மூடி திருக வரவில்லை. வெறுங்கையால் தொடக்கூடாது என்பதால் அப்படியே வைத்திருக்கிறேன். அதை எப்படிக் கழற்றுவது என்று அவரிடம் கேட்டுச் சொல். இல்லையென்றால் நானே போன் பண்ணிக் கேட்கட்டுமா? பழைய நம்பர்தானே?

அப்பா