கேபிள் ஓட்டையை அடைத்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைத்தொடர்பு நிலையங்களில் நடக்கும் தீ விபத்துகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஊரின் தொலைபேசி இணைப்புகள் எல்லாம் வந்து சேரும் எக்ஸ்சேஞ்சுகளில் முப்பது வருஷம் கேபிள் வேலை பார்த்தவன் நான்.

எங்கே எக்ஸ்சேஞ்ச் எரிந்தாலும் "யாராவது வைத்த தீயா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். 5ஜி அலை கொரோனாவைப் பரப்புகிறது என்ற புரளியை நம்பி 2020இல் பிரிட்டனில் டவர்களைக் கொளுத்தினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பிரான்ஸில் பல இடங்களில் ஃபைபர் கேபிளை வெட்டிப் போட்டார்கள். ஆனால் சதி என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் கட்டடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

2025 ஜூலை 7 அன்று கெய்ரோவின் ராம்சேஸ் எக்ஸ்சேஞ்ச் எரிந்து ஊழியர்கள் நான்கு பேர் இறந்தார்கள். மறுநாள் எகிப்தில் பங்கு வர்த்தகமே நடக்கவில்லை. 2018 நவம்பரில் சியோலில் ஒரு நிலையத்தின் நிலத்தடி கேபிள் பாதை எரிந்தபோது கடைகளில் கார்டு தேய்க்க முடியவில்லை. மின்கசிவோ நாசவேலையோ, ஒரு கட்டடம் போனால் ஊரே ஊமையாகும்படி அத்தனை வயரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

தெருவிலிருந்து வரும் கேபிள்கள் தரைக்கடியில் ஓர் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து தளத்தின் ஓட்டை வழியாக மாடிக்கு ஏறும். இழுத்து முடித்ததும் அந்த ஓட்டையைத் தீத்தடுப்புக் கலவையால் அடைக்க வேண்டும். "நாளைக்கு இன்னொரு கேபிள் வருது, சேர்த்து அடைச்சுக்கலாம்" என்று விட்டுவிடுவோம். நானும் விட்டிருக்கிறேன், இன்றைக்கு நினைத்தால் பதறுகிறது. தீப்பிடித்தால் அந்த ஓட்டைதான் புகைபோக்கி. கேபிளின் மேலிருக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறை எரியும் புகையில் அமிலம் இருக்கும். தீ தொடாத எக்ஸ்சேஞ்ச் கருவிகளின் மின்சுற்று அட்டைகளைக்கூட அது அரித்துவிடும். 1975இல் நியூயார்க்கில் கேபிள் அறையில் பிடித்த தீ மேலே ஏறியதில் சுமார் 1,70,000 தொலைபேசிகள் செத்தன. சரிசெய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

தீ வைத்தவன் இருந்தால் போலீஸ் பிடிக்கட்டும். உங்கள் நிருபர்கள் அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ஓட்டைகள் அடைத்திருந்தனவா? இந்த நிலையம் போனால் அழைப்புகள் போக வேறு பாதை இருந்ததா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஊழியர்,
திருநெல்வேலி