பெரியம்மா செய்த வேலை

அன்புள்ள கண்மணிக்கு,

"பெரியம்மா வேலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதேம்மா" என்று போனில் அழுதாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு எனக்கும் பேச்சு வரவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் என்றால் திக்குவாயைச் சரிசெய்பவர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அக்காவிடம் அதிகம் வந்தது சின்னக் குழந்தைகள். காக்காவைத் 'தாத்தா' என்று சொல்லும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைப்பாள். அப்போது நாக்கு தானாகத் தொண்டைப் பக்கம் சரியும். நுனிநாக்கை மரக்குச்சியால் மெல்ல அழுத்திக்கொண்டு, வாய் கொப்பளிப்பது போலச் சத்தம் எழுப்பச் சொல்வாள். அந்தச் சத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 'க' வந்துவிடும். அவள் கைதட்டுவதைப் பார்க்கவேண்டுமே! எத்தனை வருஷம் கேட்ட 'க' அது, ஆனாலும் முதல்முறை கேட்பவள் மாதிரி பூரித்துப்போவாள்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கக் கற்றுக்கொடுப்பதும் அவள் வேலைதான், தெரியுமா? பேசப் பயன்படும் தசைகள் பலவும் விழுங்குவதற்கும் வேண்டும். தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்பதால், யாருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது, யார் தாடையைத் தாழ்த்தி விழுங்கவேண்டும் என்று ஒவ்வொருவராகப் பார்ப்பாள்.

பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-ல் பார்த்த நோயாளியைப் பற்றி அடிக்கடி சொல்வாள். எதைக் கேட்டாலும் அவர் வாயில் 'டான்' என்ற ஓசைதான் வரும்; ஆனால் கேட்பது பெரும்பாலும் புரியும். அவர் இறந்தபின், மூளையின் இடது முன்பகுதி சேதமாகியிருந்ததைப் புரோக்கா கண்டார். "இடத்தைக் கண்டுபிடித்தார், சரி. இருபது வருஷமாக அந்த மனுஷன் என்ன சொல்லத் தவித்தாரோ?" என்று கேட்பாள் அக்கா. படித்த காலத்திலிருந்தே அவளை விடாத கேள்வி அது.

ஓய்வு பெற்றபின் அப்படிப்பட்டவர்களுக்காக வாராவாரம் ஒரு கூட்டம் நடத்தினாள். காசு வாங்கியதில்லை. பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும். அவர்களை இடது கையால் தாளம் தட்டவைத்து, "தண்ணி வேணும்" என்பதையே ராகமாகச் சொல்லவைப்பாள். நானும் உதவிக்குப் போவேன். ஒருநாள் ஒருவர் தன் மனைவியின் பெயரைச் சொல்லத் திணறினார். பக்கத்திலிருந்த அந்த அம்மாவுக்கே பொறுக்கவில்லை, எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முதல் எழுத்துக்கு உதட்டை மட்டும் குவித்துக் காட்டினாள். வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் பெயர் வந்தது, பாதிதான், ஆனால் அவராகவே சொன்னது. அந்த அம்மா அழுதேவிட்டார்.

வீட்டிலும் அக்கா அப்படித்தான். நீ சின்னவளாக இருந்தபோது இழுத்து இழுத்துச் சொன்ன கதைகளையெல்லாம் கடைசிவரை கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை?

அவளிடம் பயின்ற பெண் ஒருத்தி கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துகிறாள். அக்காவின் பட அட்டைகளை அவளிடமே கொடுத்துவிட்டேன். நீ ஊருக்கு வரும்போது ஒரு நாள் வந்து உட்கார். யாராவது வார்த்தைக்குத் தவித்தால் எடுத்துக்கொடுக்காதே, முகத்தைப் பார்த்துக் காத்திரு. அவர்களுக்கு உன்னை நன்றாகவே தெரியும். பெரியம்மா உன்னைப் பற்றிப் பேசாத வாரமே இல்லை.

அன்புடன்,
அம்மா