முன்பணமும் பிரஷரும்: மருத்துவ, ஊரக நலப்பணிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வட்ட மருத்துவமனை ஒன்றில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டரில் போனது. கடைசி ஏழு வருடம் தொற்றா நோய்ப் பிரிவு, அதாவது நாள் முழுக்கப் பிரஷரும் சர்க்கரையும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தத் துணிச்சலில்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 44 வயது. ஐந்து வருடமாக டெல்மிசார்ட்டன் என்கிற பிரஷர் மாத்திரை போடுகிறான், ஒழுங்காக அல்ல. சென்ற தை மாதம் நகரத்தில் முடி மாற்று கிளினிக் ஒன்றில் தேதி வாங்கினான். என்னிடம் மூச்சு விடவில்லை. முன்பணம் 30,000 ரூபாய். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: தேதியை மாற்றினாலும் ரத்து செய்தாலும் முன்பணம் திருப்பித் தரப்படாது. அதற்குப் பிறகுதான் போனில் ஒரு பெண், "வேற ஏதாவது உடம்புக்கு இருக்கா சார்?" என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லியிருக்கிறான். பொய்தான். ஆனால் உண்மைக்கு 30,000 ரூபாய் விலை வைத்த பிறகு கேட்ட கேள்வி அது.

மாத்திரை போட்டது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அன்று காலை அதையும் போடவில்லை. அங்கே யாரும் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கவில்லை. தலையை மழித்து, குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போகும் ஊசியைத் தலை முழுக்கப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊசியில் லிக்னோகெய்னோடு அட்ரினலின் கலந்திருக்கும். ரத்தக் குழாயைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்க அது வேண்டியதுதான். ஆனால் அது உடம்புக்குள்ளும் போகும். போனால் இதயம் வேகமாக அடிக்கும், பிரஷர் ஏறும். ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு என்ன ஆகும் என்று தியேட்டரில் நின்ற யாருக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்து, "ரத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்று டெக்னீஷியன்கள் பேசிக்கொண்டது இவன் காதில் விழுந்திருக்கிறது. மண்டை வெடிக்கிற வலி. அப்போதுதான் பிரஷர் மெஷினைத் தேடி எடுத்து வந்தார்கள். 210/120.

அதற்குப் பிறகு செய்ததை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. பிரஷரை இறக்கும் நிபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்குக்கு அடியில் விட்டிருக்கிறார்கள். நாங்கள் எப்போதோ கைவிட்ட வழக்கம் அது. பிரஷர் படிப்படியாக இறங்காமல் சரிந்துவிடும், மூளைக்கும் இதயத்துக்கும் போகிற ரத்தம் குறைந்துவிடும். இவனுக்குக் கண் இருட்டிவிட்டது. ஒரு காரில் ஏற்றிப் பெரிய மருத்துவமனை வாசலில் விட்டார்கள். மூன்று நாள் இருந்து பிழைத்து வந்தான். தலை பாதி நாற்று நட்ட வயல் மாதிரி இருக்கிறது. தொப்பி இல்லாமல் வெளியே வருவதில்லை.

எங்கள் தியேட்டரில் குடலிறக்கத்துக்கு வருகிறவருக்கு 180/110 தாண்டினால் மயக்க மருந்து டாக்டர், "மாத்திரைய ஒழுங்கா போட்டுட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர்கள் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்கு இதே கோடுதான். திரும்பிப் போகிறவருக்குப் பஸ் செலவோடு போயிற்று. அரசு மருத்துவமனையில் ஜனங்கள் பிரஷரை மறைக்காததற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

முடியோடு நிற்கிற விஷயமும் இல்லை. முகச் சுருக்கத்தை இழுத்துத் தைக்கும் அறுவையில் அடிக்கடி வரும் சிக்கலே தோலுக்கு அடியில் ரத்தம் தேங்குவதுதான். பிரஷர் உள்ளவர்களுக்கு அது கூடுதல். மயக்கத்தில் பிரஷர் தாழ்ந்து, எல்லாம் அடங்கியது போலத் தெரியும். விழித்தபின் வலி, வாந்தி, இருமல் வந்து பிரஷர் ஏறினால் மூடியிருந்த குழாய் திறந்துகொள்ளும். எந்த மாத்திரையைக் காலையில் போட வேண்டும், எதை முதல் நாளே நிறுத்த வேண்டும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். டெல்மிசார்ட்டனை முழு மயக்கத்துக்கு முன் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள், அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. போனில் பேசுகிற விற்பனைப் பெண் சொல்லக்கூடிய காரியமா இது?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். முடி வளரத் தலையில் தேய்க்கிற மினாக்ஸிடில் முதலில் பிரஷர் மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்கு இறக்கினார்கள். பிரஷர் மருந்தால் பிழைக்கும் தொழிலில் பிரஷர் பார்க்க ஆளில்லை.

2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறோம். கொல்லையில் மாடு கட்டுகிற பாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பட்டை கட்டுகிறோம். அத்திட்டத்துக்கு முன் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம், அவர்களில் கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான். அப்படியென்றால் லட்ச ரூபாய் கட்டி அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களில் எத்தனை பேர் என் தம்பிகள்?

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்று சிகிச்சையை யார் செய்யலாம் என்று வரையறுத்தது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்றே எழுதியிருக்கிறது. 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே இறந்தார். அவருக்குப் பிரஷர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு இருந்தது முடி திருத்தகத்துக்கான உரிமம்தான் என்று அப்போது செய்தி வந்தது. யார் செய்வது என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். யாருக்கு, எந்த நாளில் என்று இன்னும் கேட்கவில்லை.

தனியார் மருத்துவமனை, கிளினிக்குகளை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த கிளினிக்குகள் உங்கள் துறையில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவுக்கு ஒரு நிபந்தனை சேருங்கள்: ரத்த அழுத்தத்தாலோ சர்க்கரையாலோ அழகு சிகிச்சையின் தேதி தள்ளிப்போனால் முன்பணம் முழுக்கத் திரும்ப வேண்டும், அல்லது அடுத்த தேதிக்குச் செல்ல வேண்டும். முன்பணம் வாங்குவதற்கு முன்பும், ஊசி போடும் நாளன்றும் பிரஷர் பார்த்துக் கேஸ் ஷீட்டில் டாக்டர் கையெழுத்தோடு எழுத வேண்டும். ஆய்வுக்கு வரும் இணை இயக்குநர் முதலில் அந்தத் தாளைக் கேட்கட்டும். மெஷின் விலை இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை.

பிரஷர்காரர்கள் அழகுக்கு ஆசைப்படக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். வழுக்கையால் பெண் பார்க்கப் போன இடத்தில் அவமானப்பட்டவர்களை எனக்குத் தெரியும், சிரிக்கிற விஷயமில்லை.

தம்பிக்கு இப்போது தினமும் நானே பார்க்கிறேன். நேற்று 132/84. "அக்கா, மிச்சப் பாதியை நட்டுக்கலாமா?" என்று கேட்கிறான். வேறொரு இடத்தில் விசாரித்தேன், மருத்துவர் தகுதியானவர்தான். ரசீதைப் படித்தேன். அடியில் அதே வரி. உங்கள் பதில் வரும்வரை பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்