சாய்தளத்துக்கும் சதுர அடிக் கணக்கா?

வன்னியின் உள்ளூராட்சி சபைத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

வவுனியாவில் வீட்டுப் பிளான் கீறிப் பிழைப்பவன் நான். போன வருடம் ஒரு அம்மா வந்தார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். பெரிய வளவு, நல்ல கிணறு. தன்னைப்போல் தனித்துப்போன ஆறேழு பேர் ஒன்றாக இருக்க, சமைக்கவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் இரண்டு பேரை வைத்து ஒரு இல்லம் கட்ட வேண்டும் என்றார். பிளானைக் கொண்டுபோன இடத்தில் (எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை) அறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது விடுதி, வீட்டுக் கட்டணம் சரிவராது" என்றார்கள். அம்மா பிளானைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான். பிறகு வரவில்லை.

கட்டட அனுமதிக் கட்டணம் தளப்பரப்பை வைத்து, குடியிருப்பா இல்லையா என்று பிரித்து வருகிறது. கணக்குக்கு இது சுகம். ஆனால் சக்கர நாற்காலியை உள்ளே விட்டுப் பாருங்கள். மாரி வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை இரண்டு அடி உயர்த்துகிறோம். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் வழக்கமான அளவு. அப்படியானால் 24 அடி நீளம், 4 அடி அகலம்: 96 சதுர அடி. மழைக்கு மேலே தகரம் போட்டால் அதுவும் தளப்பரப்புத்தான். வீட்டுக்குள் நாற்பது அடி நடைவழியை மூன்று அடியிலிருந்து ஐந்து அடியாக அகட்டினால் இன்னும் 80. மொத்தம் 176 சதுர அடி. போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த முழு வீடே 550 சதுர அடிதான். நடக்க முடியாதவர் வீட்டுக்குள் வருவதற்காக விட்ட இடத்துக்கு நாம் காசு கேட்கிறோம். ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் எத்தனை பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது முதியவர்களின் கதை மட்டுமல்ல.

தொடர்மாடிகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. வாடகை அறைகளுக்குக் கேள்வி இருக்கிறது, கட்டுகிறவர்கள் கட்டத்தான் செய்வார்கள். கட்டட்டும். ஆனால் எங்கள் வளவுகளில் மலக்கழிவு போவது குழிக்குத்தான், கிணறும் அதே வளவில்தான். ஐந்து பேருக்கு வெட்டிய குழியை நாற்பது பேர் பாவித்தால் பக்கத்து வீட்டுக் கிணறு என்னவாகும்? குளித்த தண்ணீர் றோட்டுக் கானுக்கு வரும், மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கையை அடைக்கும். அங்கே கட்டணத்தைக் கூட்டுங்கள், நான் கைதட்டுவேன். ஒரு நிபந்தனை: அந்தப் பணம் தனிக் கணக்கில் கிடந்து, அந்த ஒழுங்கையின் கானுக்கும் மலக்குழி இறைக்கும் கலி பவுசருக்கும் போக வேண்டும். பொதுக் கணக்கில் கலந்தால் அது வாகனத் திருத்தத்தோடு கரைந்துவிடும், உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் மாளிகைக்கு வீட்டுக் கட்டணம். ஏழு கிழவிகள் கூடி வாழ்ந்தால் வியாபாரக் கட்டணம். வாகனமே இல்லாத அவர்களிடம் வாகனத் தரிப்பிடம் எத்தனை என்றும் கேட்கிறோம்.

உங்கள் கைகள் முழுதாக அவிழ்ந்தவை அல்ல என்பதும் தெரியும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குள் வரும் பகுதிகளில் கட்டணங்கள் வர்த்தமானியில் வருகின்றன. ஆனால் பராமரிப்பு இல்லத்தைக் குடியிருப்பாகவே கணிக்க வேண்டும், சாய்தளத்தையும் அகட்டிய நடைவழியையும் தளப்பரப்பில் சேர்க்கக் கூடாது என்று சபையில் தீர்மானம் எடுத்து மேலே அனுப்ப யாரும் தடுக்கவில்லை. ஆதன வரியான சோலைவரியும் பவுசர் கட்டணமும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. அவற்றில் சலுகை கொடுக்கலாம். சலுகை வாங்கிவிட்டு நாளைக்கு அதையே லொட்ஜாக மாற்றுவார்களே என்று ஒரு உறுப்பினர் கேட்பார். சரியான கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய்ப் பார்க்கட்டும். மாற்றியிருந்தால் விட்ட பணத்தை வட்டியோடு அறவிடுங்கள்.

வருட முடிவில் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். அதற்கு முன் இதை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அந்த அம்மாவின் பிளானின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வவுனியாவில் பிளான் கீறும் ஒருவன்